அந்தச் சுவரில வசனப் பலகைய திருப்பி மாட்டுங்கோ: எங்கட ஆலயக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயா, சபைச் செயலாளர் தம்பி, கட்டடக் குழுவில இருக்கிற அண்ணாமார் எல்லாருக்கும்,

போன மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் புது ஆலயத்த கூட்டிக் கழுவப் போனனாங்கள், அண்டைக்கு மாதர் சங்கத்தின்ர முறை. பீடத்துக்குப் பின்னால சுவரோட சாய்ச்சு, மட்டை சுத்தி, கயிறு கட்டி ஒண்டு நிண்டது. ஒரு மூலையில மட்டை கிழிஞ்சு கறுப்புக் கல்லு தெரிய, என்னெண்டு பாப்பம் எண்டு நான்தான் கயித்த அவிட்டனான். நாலடி உயரமான கிரனைட் கல்லு. மேல 5 லட்சமும் அதுக்கு மேலயும் தந்தவையின்ர பேர் தங்கக் கலர் எழுத்தில, அதுக்குக் கீழ 1 லட்சத்தில இருந்து தந்தவையின்ர பேர் வெள்ளை எழுத்தில கொஞ்சம் சின்னனா, கடைசி வரியில "மற்றும் சபையார்". அவ்வளவுதான். அந்த கடைசி வரி என்ர சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது, விரல வைச்சுப் பாத்தனான்.

பிறகு நிமிந்து சுவரப் பாத்தன். கூரை போட்ட நாளில இருந்து வசனப் பலகை தொங்கின இடத்தில பலகையக் காணேல்ல, கல்லப் பூட்ட நாலு ஓட்டை துளைச்சிருந்தது. பலகைய ஸ்டோருக்கதான் கண்டுபிடிச்சனான், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால முகத்த சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிருந்தது, டைல்ஸ் வெட்டின தூள் அப்பிடியே படிஞ்சு. சீலைத் தலைப்பால துடைச்சுப் போட்டு அதிலயே கொஞ்ச நேரம் இருந்திட்டன்.

கேட்டனான். ஒருக்கா நேரில கேட்டனான், ஒருக்கா கடிதமா எழுதி சபைக்கூட்டத்துக்குத் தந்தனான், அது வாசிக்கப்படவே இல்லை. எனக்குச் சொல்லப்பட்ட பதில் "கமிட்டி முடிவு அக்கா, பிரதிஷ்டைக்கு முதல் பூட்டவேணும், காசு தந்தவைக்கு நாங்கள் என்னத்தக் காட்டுறது, பலகைய பிறகு எங்கயாவது மாட்டலாம்". எங்கயாவது. அந்தச் சொல்லோட வீட்ட வந்த எனக்கு அண்டிரவு நித்திரை இல்லை. அதாலதான் எல்லாரும் வாசிக்கிற மாதிரி இத எழுதுறன்.

குழுவில இருக்கிற சில பேர் அப்ப இஞ்ச இல்லை, அவைக்குத் தெரிஞ்சிருக்காது, அதால அந்தப் பலகையின்ர கதையச் சொல்லுறன். 2008 கடைசியில சண்டையால ஊர விட்டு வெளிக்கிட்ட நாங்கள் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை எண்டு போய்க்கொண்டே இருந்தனாங்கள், ஒவ்வொரு இடத்திலயும் ஞாயிற்றுக்கிழமை எது எண்டு யாராவது ஒராள் கணக்கு வைச்சிருப்பினம், பங்கருக்க இருந்துகொண்டு கர்த்தர் கற்பிச்ச ஜெபத்த மட்டும் சொல்லுவம், பாட்டு இல்லை, பைபிள் வாசிக்க வெளிச்சம் இல்லை. பிறகு இடம்பெயர்ந்த சனத்த வைச்சிருந்த செட்டிகுளம் இராமநாதன் முகாம். அங்க ஒரு தறப்பாளுக்குக் கீழ 2009 நத்தார் ஆராதனை வைச்சனாங்கள். 2010 இல ஊருக்கு விட்ட நேரம் ஆலயம் இருந்த இடத்தில அத்திவாரமும் படிக்கட்டும் மட்டும்தான் நிண்டது, கூரை மரம் சிலாகை ஒண்டும் இல்லை, எல்லாம் யாற்றையோ பங்கருக்குப் போட்டுது. அந்தப் படிக்கட்டில நிண்டு முதல் ஞாயிறு ஆராதனை நடத்தினம். அடுத்த கிழமை ஒரு பெடியன் உடைஞ்ச பள்ளிக்கூட மேசைப் பலகை ஒண்டக் கொண்டந்து, முல்லைத்தீவில அவன்ர மாமா வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின நீலப் பெயின்ற்றால 115 ஆம் சங்கீதத்தில இருந்து எழுதினான், "எங்களுக்கு அல்ல, கர்த்தாவே, எங்களுக்கு அல்ல, உம்முடைய நாமத்திற்கே மகிமை வரப்பண்ணும்" எண்டு. முழு வசனத்துக்கு இடம் காணாது எண்டு நடுவில விட்டுட்டுத்தான் எழுதினான், அப்பிடியும் "வரப்பண்ணும்" கடைசியில நெருக்குப்பட்டு "ணும்" ரெண்டும் கீழ இறங்கிப் போச்சு. இப்பவும் அப்பிடித்தான் இருக்கு, பாருங்கோ.

அந்தப் பெடியனுக்கு அப்ப பதினாறு வயசு. தாயும் தங்கச்சியும் திரும்பி வரேல்ல. அவன் ஏன் வேற வசனம் எழுதேல்ல, ஏன் "எனக்குதவி எங்கேயிருந்து வரும்" எண்டு கேக்கேல்ல எண்டு நான் கனநாள் யோசிச்சிருக்கிறன். எங்களுக்கு அல்ல எண்டு ரெண்டு தரம் சொல்லுது அந்த வசனம். ஒண்டுமில்லாம நிண்ட நேரம் அந்த வசனத்தச் சொல்ல எங்களுக்கு ஏலுமா இருந்தது. டைல்ஸும் மின்விசிறியும் வந்த பிறகு அத ஸ்டோருக்க வைக்கிற நிலைமை வந்திட்டுது எண்டதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.

இனி பிடியரிசிக் கதைக்கு வாறன். பத்துப் பதினாலு வருசமா மாதர் சங்கத்தின்ர பிடியரிசிக் கணக்கு என்னட்டத்தான். புதுசா சபைக்கு வந்த பிள்ளையளுக்காகச் சொல்லுறன், சோத்துக்கு அரிசி அளந்து கழுவ முதல் ஒரு பிடிய எடுத்து கர்த்தருக்கெண்டு வேற டின்னுக்க போடுறது, மாசக் கடைசியில எல்லாற்ற டின்னும் ஆலயத்துக்கு வரும், அளந்து வித்து காசாக்குவம். எங்கட ஊரில மட்டும் இல்லை, இந்தியாவில மிசோரம் எண்ட மலைப்பக்கத்தில சபைப் பெண்கள் 1910 அளவில துவங்கி இண்டைக்கு வரைக்கும் இப்பிடி ஒரு பிடி அரிசியாலயே பெரிய ஊழியங்களத் தாங்குகினம். எங்கட பிடியரிசிக் கணக்கெல்லாம் என்ர சீ.ஆர். கணக்குக் கொப்பியில இருக்கு. இந்தக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டின நேரம் வெளிநாட்டுக் காசு ஒரு சதம் வரேல்ல, முதல் 40 பை சீமெந்தும் பிடியரிசிக் காசிலதான் வந்தது. அந்தக் கல்லில இருக்கிற ஆக்கள் காசு அனுப்பத் துவங்கினது சுவர் எழும்பின படத்த வட்ஸ்அப்பில பாத்த பிறகு. அத நான் குறையாச் சொல்லேல்ல. ஆனா கீழ கிடக்கிறது எது, மேல நிக்கிறது எது எண்டு உங்களுக்குத் தெரியவேணும்.

2021 இல அரசாங்கம் யூரியா உரத்த நிப்பாட்டின வருசம் எங்கட பக்கத்து வயல் எல்லாம் மஞ்சளாப் போச்சு, காலபோகம் வெட்டி வீட்டுக்கு வந்த நெல்லு சாப்பாட்டுக்கே காணாது. அடுத்த வருசம் மண்ணெண்ணைக்கு லைன், காஸுக்கு லைன், சீமெந்து பை மூவாயிரத்துக்குக் கிட்டப் போச்சுது, கட்டட வேலையும் நிண்டுது. அந்த ரெண்டு வருசமும் பிடியரிசி நிக்கேல்ல. குறைஞ்சது, ஆனா நிக்கேல்ல. கொப்பியப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்.

எங்கட சபையில ஒரு ஆச்சி இருக்கிறா, பேர் சொன்னா அவவுக்கே பிடிக்காது, கடைசி வரிசைக்குப் பின்னால பாய் விரிச்சு இருக்கிறவ எண்டா உங்களுக்கு விளங்கும். அவவின்ர பால்மா டின் என்ன நிறமா இருந்தது எண்டு இப்ப சொல்லேலாது, அவ்வளவு கறள். மாத்தளனில நிவாரண அரிசி இல்லாமக் கஞ்சித் தண்ணியில சனம் இருந்த நேரம் அந்த டின் அவவோட இருந்தது. "அரிசி இல்லாத நாளில என்ன ஆச்சி செய்தனீங்கள்" எண்டு ஒருக்கா கேட்டன். அவ கையப் பொத்திக் காட்டினா. வெறுங்கையப் பொத்தி டின்னுக்க விட்டு, அதுக்க விரிச்சு, பிறகு எடுத்தவவாம். "பழக்கம் விட்டுப்போகக் கூடாதெல்லே பிள்ளை, குடுக்கக் குடுத்தவர் அவர்தானே" எண்டா. தாவீது ராசா ஆலயத்துக்குப் பொன்னும் வெள்ளியும் குவிச்சு வைச்சுப் போட்டு "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" எண்டு சொன்னதுக்கும் ஆச்சி வெறுங்கைய விரிச்சதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லுங்கோ.

அண்டைக்குக் கழுவ வந்த நேரம் ஆச்சியும் நிண்டவ. எழுத்து வாசிக்கத் தெரியாது. தங்க எழுத்தத் தடவிப் பாத்துப்போட்டு "என்ன வசனம் பிள்ளை எழுதியிருக்கு" எண்டு கேட்டா. நான் என்னத்த வாசிக்கிறது? பேசாம மட்டையச் சுத்தினன்.

செயலாளர் தம்பி, நீங்கள் என்னோட கதைக்கேக்க நெகேமியா 3 ஆம் அதிகாரத்தக் காட்டினீங்கள், எருசலேம் அலங்கம், அதான் நகர மதில், கட்டினவையின்ர பேர் எல்லாம் வேதத்திலயே எழுதியிருக்கெண்டு. நல்ல கேள்வி, வீட்ட போய் முழுசா வாசிச்சன். ஓம், பேர் இருக்கு. ஆனா அங்க பேர் போகிறது வாசல் வாசலா, ஆட்டுவாசலில துவங்கி ஆராருக்குப் பக்கத்தில ஆரார் நிண்டு கட்டினவை எண்டு, காசுக் கணக்கில மேல கீழ எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. தட்டார் நிக்கினம், தைலக்காரன்ர மகன் நிக்கிறான், சல்லூம் எண்டவரும் அவற்ற மகள்மாரும் நிக்கினம். பெரியாக்களப் பற்றி ஒரு வரி வருது, தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் ஆண்டவரின்ர வேலைக்குக் கழுத்துக் குடுக்கேல்ல எண்டு. நீங்கள் காட்டின அதே அதிகாரம்தான், 5 ஆம் வசனம்.

அதோட நிக்காம 7 ஆம் அதிகாரத்தின்ர கடைசிப் பக்கத்தையும் ஒருக்கா வாசியுங்கோ, அங்க காசுக் கணக்கும் இருக்கு. வம்சத் தலைவர்மாரில சில பேர் குடுத்தது 20,000 தங்கக்காசு, மற்ற சனம் குடுத்ததும் 20,000 தங்கக்காசு. தொகை எழுதின இடத்தில தலைவர்மாரின்ர பேர் இல்லை, மற்ற சனத்துக்கும் அதே அளவு வரி. உங்கட கல்லில "மற்றும் சபையார்" எண்டு போட்ட மாதிரி நெகேமியா போடேல்ல.

காசு தந்தவையின்ர மனசப் பற்றியும் எனக்குத் தெரியும், அதச் சொல்லாம விட்டா நான் நியாயமா எழுதேல்ல எண்டு ஆகும். அவை சொகுசில இருந்து அனுப்பேல்ல. சுவிஸில ரெஸ்ரோறன்றில கோப்பை கழுவி விடியப்புறம் ரெண்டு மணிக்கு அறைக்குப் போற பெடியள், லண்டனில கடையில பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கிற பிள்ளையள். அதில ஒராள் கல்லின்ர படத்தப் பாத்திட்டு எனக்குக் கோல் எடுத்தவர், "அக்கா நான் செல்லடிக்குள்ள செய்த பொருத்தனையத்தான் நிறைவேற்றினனான், அது எனக்கும் அவருக்கும் உள்ளது, என்ர பேர வெட்டச் சொல்லுங்கோ" எண்டார். அவற்ற குரல் நடுங்கினது. அவரக் கேட்டா நீங்கள் அந்தப் பேரப் போட்டனீங்கள்?

இன்னொராள் வேற மாதிரி. அவவின்ர அப்பா பொக்கணையில செத்துப் போனவர், பங்கர் மண்ணாலயே மூடிப் போட்டு வந்தவை, பிறகு அந்த இடத்தக் கண்டுபிடிக்கவே ஏலாமப் போச்சு. "எங்கட அப்பான்ர பேர் எங்கயாவது ஒரு கல்லில இருக்கவேணும் அக்கா, அதுக்காகத்தான் 5 லட்சம் சேத்தனான்" எண்டு அழுதவ. இதுக்கு எனக்கு உடன பதில் வரேல்ல. ரெண்டு நாள் ஜெபிச்சன். அவ கேக்கிறது பெருமை இல்லை, அவ கேக்கிறது ஒரு கல்லறை. ஆனா, ஐயா, 5 லட்சம் இல்லாதவையின்ர செத்தவைக்கு எங்க கல்லு? ஆச்சியின்ர ரெண்டு பெடியளுக்கு எங்க? பலகை எழுதின பெடியன்ர தாய்க்கும் தங்கச்சிக்கும் எங்க? எங்கட சபையில செத்தவையின்ர பேர எழுதவேணும், அது வேற வேலை, கட்டாயம் செய்யவேண்டிய வேலை, அத காசோட முடிஞ்சு விடாதேங்கோ.

ஐயா, போன வருசம் ஒரு பிரசங்கத்தில நீங்கள்தான் சொன்னனீங்கள், மகிமை எண்டதுக்கு எபிரேயத்தில வாற சொல்லு பாரம் எண்ட வேரில இருந்து வாறதெண்டு. எங்கட தமிழிலயும் அப்பிடித்தானே, கனம் எண்டா நிறையும் ஒண்டு, மரியாதையும் ஒண்டு. கனமும் மகிமையும் எண்டு சேத்துத்தான் ஜெபிக்கிறம். அந்தச் சுவர் ஆற்ற கனத்தத் தாங்கவேணும் எண்டதுதான் இப்ப கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பீடத்தப் பாத்து நிண்டு "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" எண்டு சொல்லுவம். சொல்லிக்கொண்டு நிமிந்து பாத்தா கண் போய் நிக்கிற இடத்தில 5 லட்சம் தந்தவையின்ர பேர் தங்கத்தில. சின்னப் பிள்ளையள் எழுத்துக்கூட்டி முதல் வாசிக்கிறது அதத்தான் வாசிக்கப் போகுதுகள். நான் ஓய்வுநாள் பாடசாலையில படிப்பிக்கிறனான், பிள்ளையள் சுவரில இருக்கிறதத்தான் வாசிக்கும். ஏழை விதவை போட்ட ரெண்டு காச இயேசு பாத்துக்கொண்டிருந்தவர் எண்டு நான் அந்தச் சுவருக்கு முன்னால நிண்டு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?

வாங்குகளையும் சொல்லவேணும். புது வாங்கு ஒவ்வொண்டிலயும் பித்தளைத் தகடு அடிச்சு குடும்பப் பேர் போடப் போறதாக் கேள்விப்பட்டன், பிரதிஷ்டையண்டு முன் ரெண்டு வரிசையும் வெளிநாட்டில இருந்து வாறவைக்கெண்டு நாடா கட்டப் போறதாயும். யாக்கோபின்ர நிருபம் 2 ஆம் அதிகாரத்தில பொன்மோதிரம் போட்டவன ஒரு இடத்திலயும் அழுக்கு உடுப்போட வந்தவன இன்னொரு இடத்திலயும் இருத்தினதப் பற்றி எழுதியிருக்கு, அத நான் விளக்கத் தேவையில்லை. தறப்பாளுக்குக் கீழ எல்லாரும் மண்ணில இருந்தனாங்கள், போதகர் ஐயாவும் மண்ணிலதான் இருந்தவர். அந்த ஆராதனையளில இருந்த பாரம், அந்த அமைதி, அழுகை, அத இந்தப் புதுக் கட்டடத்தில நான் இன்னும் காணேல்ல. காணவேணும் எண்டு ஆசைப்படுறன். சாலொமோன் ஆலயத்தப் பிரதிஷ்டை பண்ணின நேரம் கர்த்தரின்ர மகிமை நிரம்பி ஆசாரியர்மார் நிக்கவே ஏலாமப் போச்சு எண்டு வாசிக்கிறம், எங்கட பிரதிஷ்டைக்கு நிகழ்ச்சி நிரலில பொன்னாடை போத்திற நேரம் முக்கால் மணித்தியாலம், துதி ஆராதனை இருபது நிமிசம். அச்சடிக்க முதல் அத மாத்தலாம்.

நான் கேக்கிறது இதுகள்தான், ஒவ்வொண்டுக்கும் பதில் வேணும்.

அந்தக் கல்ல பூட்ட வேண்டாம், பீடச் சுவரில மட்டும் இல்லை, ஆலயத்துக்க ஒரு சுவரிலயும் வேண்டாம். காசு போட்டிட்டம் எண்டா, மற்றப் பக்கத்த மேல திருப்பி வாசல் படிக்கு வைக்கலாம், மேசன் அண்ணையக் கேட்டனான், செய்யலாம் எண்டவர். ஓட்டை நாலையும் அடைச்சு வசனப் பலகைய பழைய இடத்தில பழையபடி மாட்டுங்கோ, பெயின்ற் புதுசா அடிக்க வேண்டாம், இறங்கிப் போன அந்த "ணும்" ரெண்டும் அப்பிடியே இருக்கட்டும்.

தந்தவை எல்லாற்ற பேரையும் ஒரு பெரிய கொப்பியில எழுதுவம், தொகை இல்லாம, அகர வரிசையில. பிடியரிசி தந்த எல்லா வீட்டுப் பேரும் என்ர கொப்பியில இருந்து அதுக்குப் போகவேணும். பேர் வேண்டாம் எண்டு சொன்னவரின்ர பேர எடுங்கோ. அந்தக் கொப்பி ஆலய அலுமாரியில இருக்கட்டும், ஆருக்குப் பாக்கவேணுமோ பாக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு ஒவ்வொராளுக்கும் போதகர் ஐயாவின்ர கையெழுத்தோட நன்றிக் கடிதம் அனுப்புவம், எழுதுற வேலைய மாதர் சங்கம் செய்யும்.

போரில செத்த எங்கட சபை ஆக்கள் எல்லாற்ற பேரையும் வேறயா ஒரு புத்தகத்தில எழுதி, வருசா வருசம் மே மாசம் ஒரு ஞாயிறு ஆராதனையில ஒவ்வொரு பேராச் சத்தமா வாசியுங்கோ. அதுக்கு ஒரு சதமும் ஆரிட்டயும் வாங்கக் கூடாது. பொக்கணையில அப்பாவக் குடுத்த பிள்ளை பிரதிஷ்டைக்கு வாறா, அவ நிக்கிற நேரமே முதல் தரம் வாசிச்சா நல்லம்.

வாங்குகளில தகடு வேண்டாம், முன் வரிசைக்கு நாடாவும் வேண்டாம். வாசல்ல முதல் வாறவை முன்னுக்கு இருக்கட்டும், ஆச்சியின்ர பாய்க்கு முன்னுக்கு இடம் விடுங்கோ, அவவுக்குக் காது கேக்கிறது குறைவு.

வாற சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு மாதர் சங்கக் கூட்டம் புது ஆலயத்துக்கதான் நடக்கும். போதகர் ஐயாவும் செயலாளர் தம்பியும் கட்டடக் குழுவில குறைஞ்சது ரெண்டு பேரும் அங்க வந்து பதில சபைக்கு முன்னால சொல்லுங்கோ. நான் கொப்பியக் கொண்டு வாறன். பலகையையும் கழுவித் துடைச்சு என்ர வீட்டதான் வைச்சிருக்கிறன், அண்டைக்கு அதையும் கொண்டு வருவன், ஏணி மட்டும் நீங்கள் ஒழுங்கு பண்ணுங்கோ.

கர்த்தருக்குள் உங்கட சகோதரி,
மாதர் சங்கப் பிடியரிசிக் கணக்கு வைச்சிருக்கிறவ